தெருவுக்கு ஒரு வாயாடி

செல்வக்கனிக்கு வாயாடி உத்தியோகம் வந்திருக்கிறது என்று வார்டு சுகாதார நிலையத்திலிருந்து தகவல் வந்தபோது, அவள் வீட்டுக்காரர் கொம்பையாவுக்குக் குடித்துக்கொண்டிருந்த காபி புரையேறிவிட்டது. அவள் அவர் தலையில் தட்டினாள், தண்ணீர் கொடுத்தாள், பிறகு கேட்டாள்.

"இப்ப எதுக்குச் சிரிக்கிய?"

"சிரிக்கல. அரசாங்கம் ஒரு வேலைக்கு இவ்வளவு சரியா ஆள் பிடிச்சு நான் பாத்ததே இல்ல."

அரசாங்கக் காகிதத்தில் அந்த வேலைக்கு 'முதல்நிலைப் பரப்புநர்' என்று பெயர். அந்தப் பெயரைத் தூத்துக்குடியில் ஒருவரும் முழுசாகச் சொல்லி முடித்ததில்லை. முன்பெல்லாம் ஒரு பெண்ணை வாயாடி என்றால் அவளைப் பெற்றவர்கள் வரிந்து கட்டிக்கொண்டு சண்டைக்கு வருவார்கள். இப்போது நிலைமை தலைகீழ். எங்கள் தெருவுக்கு இந்த வருஷம் இன்னார் வாயாடி என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் வாயாடி வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போகாத வீட்டில், ஐப்பசி பிறந்தால் காய்ச்சலுக்குப் பயந்து ஒருவரும் வாசலைத் தாண்டமாட்டார்கள்.

செல்வக்கனி பிறந்ததிலிருந்து பேசிக்கொண்டிருப்பவள். ரேஷன் கடை வரிசையில், டாக்டர் அறை வாசலில், பஸ்ஸில் பக்கத்து இருக்கையில், தெரிந்தவர் தெரியாதவர் என்ற பேதம் பார்க்காமல் பேசுவாள். அதற்கு அரசாங்கம் அடையாள அட்டை கொடுக்கும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

சுகாதார நிலையத்தில் பயிற்சி நடந்தது. அந்தப் பகுதிக்கு இரண்டே வாயாடிகள். ஒருத்தி செல்வக்கனி, இன்னொருவர் சலூன் வைத்திருக்கும் பால்துரை. டாக்டர் அனித்தா மச்சாடோ மின்விசிறியை அணைத்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்கினார்.

"ஊசி போட்ட காலத்துல இந்தக் காய்ச்சல் வருஷத்துக்கு ஒரு தடவதான் சட்டைய மாத்தும். இப்ப மாசத்துக்கு ஒண்ணு மாத்துது. நாம மருந்து தயாரிச்சு, பெட்டி கட்டி, லாரில ஏத்திக் கொண்டு வர்றதுக்குள்ள அது வேற ஆளாயிருது. அதனாலதான் இப்ப மருந்தையும் உயிரோட விட்டுருக்கோம். உங்க மூக்குல ரெண்டு சொட்டு விடுவோம். அது உங்க தொண்டையில குடியிருக்கும். காத்துல வர்ற காய்ச்சலப் பாத்துத் தன்னையும் மாத்திக்கிட்டே இருக்கும். நீங்க பேசும்போது வெளிய வரும். எதுத்தாப்ல இருக்கவங்க வாங்கிக்குவாங்க."

"சும்மா மூச்சு விட்டா வராதா டாக்டர்?" என்று கேட்டார் பால்துரை.

"அது பத்தாது. பேசணும். கையெட்டுற தூரத்துல, அரைமணி நேரம், விடாமப் பேசணும். கூட ஆள் இருந்தாலும் பரவாயில்ல. ஆனா ஃபேன் ஓடக் கூடாது."

"நமக்கு அரைமணி நேரம் எம்மாத்திரம்" என்றாள் செல்வக்கனி.

டாக்டர் சிரித்தார். உடனே சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "இன்னொண்ணு முக்கியம். மொதல்ல வந்த மருந்து நிக்காம, ஒரு ஆள்ட்ட இருந்து அடுத்த ஆளுக்குன்னு போய்க்கிட்டே இருந்துச்சு. கேக்காமலே ஊருக்கெல்லாம் மருந்து குடுக்கிறது என்ன நியாயம்னு ஜனங்க கோர்ட்டுக்குப் போனாங்க. அவங்க கேட்டது சரிதான். அதனால இப்ப இருக்கிறது ஒரு கையோட நின்னுரும். உங்ககிட்ட வாங்குனவங்க இன்னொருத்தருக்குக் குடுக்க முடியாது. அப்ப என்ன ஆகுது? ஒவ்வொரு ஆளும் அவங்க கதவ உங்களுக்குத் தொறந்து விடணும். தொறக்கலைன்னா நீங்க திரும்பி வந்துரணும். சாத்துன கதவுக்கு முன்னால வாயாடி நிக்கக் கூடாது. இது விதி."

"தொறக்காதவங்க கதி?"

போன மழைக்கு அந்த வார்டில் போய்ச் சேர்ந்தவர்களைப் பற்றி டாக்டர் சொன்னார். உப்பு குடோனில் தனியாகக் கிடந்த காவலாளி. வாடகைக்கு இருந்தவர்களோடெல்லாம் சண்டை போட்டுவிட்டு மாடியில் ஒற்றையாக இருந்த ஓய்வுபெற்ற வாத்தியார். ஒரே வீட்டில் மருமகளோடு பேச்சுவார்த்தை இல்லாமல், வாயாடி வந்திருந்தபோது கூடத்துக்கு வரமாட்டேன் என்று உள்ளறையிலேயே இருந்துகொண்ட ஒரு மாமியார்.

"காய்ச்சல் யார் யாரக் கொண்டு போச்சுன்னு பாத்தோம். யாரோட யாரும் பேசலைங்கிறதுதான் தெரிஞ்சுது" என்றார் டாக்டர்.

அந்த நிமிஷம் செல்வக்கனிக்கு அவள் அண்ணன் ஆதிலிங்கத்தின் நினைவு வந்தது. அவ்வளவு நேரம் இருந்த உற்சாகம் இறங்கிவிட்டது.

ஆதிலிங்கம் முட்டையும் முந்திரியும் சேர்த்து மக்ரூன் இனிப்பு போடுகிறவர். கிரேட் காட்டன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், முன்பக்கம் பட்டறையும் பின்பக்கம் படுக்கையுமாக ஒரு நீளமான வீடு. சின்ன வயதிலிருந்தே இளைப்பு. பனிக்காலம் வந்தால் தலையணையை முதுகுக்கு வைத்து உட்கார்ந்தே தூங்குவார். தங்கச்சியைக் கட்டிக்கொடுத்துவிட்டுத்தான் தனக்குப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்து, கடைசியில் தனக்குப் பார்க்காமலே விட்டுவிட்டார். கூடப்பிறந்தவள் விழுங்கிவிட்டாளோ என்னவோ, அவருக்குப் பேச்சே கிடையாது. ஒரு வார்த்தை கேட்டால் அரை வார்த்தை வரும். இப்போது அந்த அரை வார்த்தைக்கும் வேலை இல்லை. கடைக்காரர்கள் போனில் தட்டுகிறார்கள், ஆளில்லாத வண்டி வாசலில் வந்து நிற்கிறது, அவர் பொட்டலத்தை அதில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறார். வாரம் முழுக்க வாயைத் திறக்காமல் ஒரு மனிதர் பிழைத்துக்கொள்ளலாம் என்று உலகம் ஆகிவிட்டதே.

அண்ணனும் தங்கச்சியும் பேசிக்கொள்ளாமல் ஆனது செல்வக்கனியின் மகள் இனியாவுக்குக் காது குத்திய அன்றைக்கு. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். நல்ல நேரம் முடியப் போகிறது, மாமனைக் காணவில்லை. துறைமுகச் சாலையில் லாரிகள் மறித்து நின்றதில் ஆதிலிங்கம் மாட்டிக்கொண்டிருந்தார். இது இங்கே யாருக்கும் தெரியாது. பிள்ளை வேறு அழுகிறது. கொம்பையாவின் சித்தப்பா ஒருவர், இவனும் மாமன் முறைதானே என்று யாரோ ஒரு ஒன்றுவிட்ட உறவைப் பிடித்து மணையில் உட்காரவைத்து, பிள்ளையை அவன் மடியில் தூக்கிப் போட்டுவிட்டார். ஆசாரி ஒரு காதைக் குத்தி முடித்த நேரத்தில் ஆதிலிங்கம் சீர்த்தட்டோடு மண்டப வாசலில் வந்து நின்றார். பார்த்தார். தட்டைக் கீழே வைத்தார். திரும்பிப் போய்விட்டார். இனியாவுக்கு இப்போது கல்லூரியில் பரீட்சை நடக்கிறது.

செல்வக்கனி சமாதானத்துக்குப் போகாமல் இல்லை. இரண்டு முறை ஆள் அனுப்பினாள். அதற்குப் பிறகு அவளுக்கும் ரோஷம் வந்துவிட்டது. வேணும்னா அவரு வரட்டும் என்று இருந்துவிட்டாள். வருஷங்கள் ஓடின. அண்ணனுக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லை என்றால், அந்தப் பக்கத்துக்கு முந்தைய வருஷங்களில் வாயாடியாக இருந்தவர்கள் அவருக்குப் பிடித்தவர்களாக இருந்ததுதான் காரணம். இந்த வருஷம் அந்தச் சந்து செல்வக்கனியின் பங்கில் வந்து விழுந்தது.

பயிற்சி முடிந்ததும் டாக்டரிடம் போய் நின்றாள்.

"எங்கண்ணன் பகுதிய பால்துரைக்கு மாத்தி விட்டுருங்க டாக்டர்."

"ஏன்?"

"அவரு மருந்த வேண்டாம்னு சொல்லமாட்டாரு. என்னையத்தான் வேண்டாம்பாரு."

டாக்டர் கன்னத்தில் கைவைத்து யோசித்தார். "பால்துரையும் போகட்டும், தப்பில்ல. ஆனா மருந்து ரெண்டு வாரம்தான் உங்க தொண்டையில இருக்கும். அதுக்குள்ள அவரு யாருக்காவது கதவத் தொறக்கணும்."

வேறு சிலரும் யோசனை சொன்னார்கள். முக்காடு போட்டுக்கொண்டு வேறு ஆள் மாதிரிப் போகச் சொன்னாள் எதிர்வீட்டுக்காரி. யாராவது இறந்துபோன துஷ்டி வீட்டில் அவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்து பேசிக்கொண்டிரு என்றார் கொம்பையாவின் நண்பர் ஒருவர். செல்வக்கனிக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அப்படி ஏமாற்றி ஒரு மருந்தை அண்ணன் மூக்கில் ஏற்றிவிட்டு, பிறகு எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்ப்பது?

மூக்கில் சொட்டு விட்டார்கள். ஒருநாள் லேசாகத் தும்மல் வந்தது, அவ்வளவுதான். வீடு வீடாகப் போக ஆரம்பித்தாள்.

வீட்டுக்கு அரைமணி பேச வேண்டும். மின்விசிறி இல்லாத தூத்துக்குடி வெக்கையில் வேர்த்து வடியும். ஆனாலும் அவளுக்கு அது கொண்டாட்டமாகத்தான் இருந்தது. இன்னொரு வீட்டில் பேசிக்கொள்ளாத மாமியாரையும் மருமகளையும் ஒரே பாயில் உட்காரவைத்துப் பேசினாள். அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசாமல் அவளோடு மட்டும் பேசி, கடைசியில் அவளைப் பற்றி ஒருவரோடொருவர் பேசிக்கொண்டார்கள். மாடியில் தனியாக இருந்துகொண்டு கணினியிலேயே வேலை பார்க்கும் ஒரு பையன், முதல் பத்து நிமிஷம் 'ம்' மட்டும் கொட்டினான். அரைமணி முடிந்து அவள் எழுந்தபோது, "இன்னும் கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போங்கக்கா" என்றான். மருந்து அப்போதே அவனுக்குள் போயிருக்கும். இருந்தாலும் அவள் இன்னும் ஒருமணி நேரம் உட்கார்ந்திருந்தாள். இத்தனை பேர் இந்த ஊரில் பேச ஆளில்லாமல் இருக்கிறார்களா என்று அன்றைக்கு அவளுக்கு மனசு கனத்துப் போனது.

அண்ணன் வீட்டுச் சந்தை மட்டும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள். பால்துரையிடம் போய், "அண்ணாச்சி, நீங்க ஒரு எட்டு போய்ப் பாருங்க. முடிவெட்டி விடுதேன்னு சொல்லிட்டு உள்ள போயிருங்க" என்று கெஞ்சினாள். பார்க்கிறேன் என்றார் அவர். மருந்து தீர இன்னும் இரண்டே நாள் என்று ஆனபோது அவளால் வீட்டில் இருக்க முடியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

பட்டறைக் கதவு பழைய மரக்கதவு. பலகைகள் காய்ந்து சுருங்கி, மேலிருந்து கீழ்வரைக்கும் விரல்கடை இடைவெளி விட்டிருந்தன. உள்ளே அடுப்பு எரியும் சத்தம் கேட்டது. முந்திரியும் சீனியும் வேகும் வாசனை சந்து முழுக்க இருந்தது. கதவைத் தட்டினாள்.

"அண்ணே, நான் செல்வக்கனி."

உள்ளே ஏதோ பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. கதவு திறக்கவில்லை.

விதிப்படி அவள் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவும் செய்தாள். நாலு அடி போனவளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. திரும்ப வந்தாள்.

"இந்தா பாரு, இந்த வருஷம் நான்தான் வாயாடி. எந்தொண்டையில மருந்து இருக்கு. இங்ஙன பக்கத்துல நின்னா ஒட்டிக்கும். வேண்டாம்னா பின்பக்கமாப் போயிரு. நான் பேசத்தான் போறேன். பிடிக்கலைன்னா காதப் பொத்திக்க" என்றாள் கதவைப் பார்த்து.

பிறகு பேசினாள். நின்றுகொண்டு முதலில் திட்டினாள். லாரி மறிச்சு நின்னா போன் பண்ணிச் சொல்ல வாயில்லையா, மாமன் வராம நான் பிள்ளைக்குக் காது குத்த ஆசைப்பட்டேனா, நீ தட்ட வச்சுட்டுப் போன பொறவு நான் எவ்வளவு அழுதேன்னு ஒனக்குத் தெரியுமா என்று ஆரம்பித்தவள், முழங்கால் வலி எடுத்ததும் படியில் உட்கார்ந்து, கதவில் சாய்ந்துகொண்டு தொடர்ந்தாள். கொஞ்ச நேரத்தில் திட்டு தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு சொல்ல வேண்டியது எவ்வளவோ இருந்தது. இத்தனை வருஷத்தில் வீட்டில் நடந்ததெல்லாம் வரிசை இல்லாமல் வந்தது. கொம்பையாவுக்கு ஹெர்னியா ஆபரேஷன் நடந்தது, இனியா பத்தாவதில் கணக்கில் தோற்கப் போய்த் தப்பியது, அம்மாவின் தாலியை உருக்க மனசில்லாமல் அப்படியே பெட்டியில் வைத்திருப்பது, தனக்கு மார்பில் கட்டி வந்து, அது ஒன்றுமில்லை என்று தெரியும்வரை ஒரு மாதம் யாரிடமும் சொல்லாமல் இருந்தது.

"ஒன்ட்ட சொல்லணும்னு அன்னைக்கு இருந்துச்சுண்ணே" என்றாள்.

உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. பின்பக்கம் போய்ப் படுத்துவிட்டார், வேறென்ன. எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அன்றைக்குச் சாயங்காலம் அவள் ஒன்றுமே பேசவில்லை. கொம்பையா பயந்துபோய்த் தைலம் எடுத்து வந்தார்.

மருந்து தீர்ந்தது. அடுத்த வாரம் பட்டை பார்க்கிற வேலை தொடங்கியது. நாக்கில் ஒரு சின்னப் பட்டையை வைத்து எடுத்தால், மருந்து பிடித்தவர்களுக்கு அதில் கோடு விழும். கோடு விழாதவர்களுக்குக் கொடுக்க வேறு மருந்து கிடையாது. மழை முடியும்வரை வெளியே வராதீர்கள் என்று சொல்வார்கள், அவ்வளவுதான். இளைப்புக்காரருக்கு அந்தப் பேச்சால் என்ன பிரயோஜனம்? வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகியிருக்கிறது என்று அதற்குள் செய்தியும் வந்துவிட்டது. திருநெல்வேலிப் பக்கம் காய்ச்சல் தலைகாட்டிவிட்டது.

பட்டை பார்க்கும் நர்ஸ் எஸ்தர் அண்ணன் வீட்டுச் சந்துக்குப் போகும் நாளைத் தெரிந்துகொண்டு, செல்வக்கனி சந்து முனையில் தண்ணீர்த்தொட்டி ஓரமாகப் போய் நின்றாள். எஸ்தர் கதவைத் தட்டுவது தெரிந்தது. கதவு கொஞ்சம்போல் திறந்து, ஒரு கை வெளியே வந்து பட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே போனது. திரும்பவும் வந்தது. எஸ்தர் பட்டையைத் தூக்கி வெயிலில் பார்த்தாள். பிறகு சந்து முனையைப் பார்த்துச் சிரித்துத் தலையை ஆட்டினாள்.

"கோடு இருக்குக்கா. நல்லா அழுத்தமா இருக்கு" என்றாள் பக்கத்தில் வந்ததும்.

செல்வக்கனி தொட்டி விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். கண்ணீர் வந்தது, துடைக்கவும் தோன்றவில்லை. யார் கையால் கிடைத்தால் என்ன, கிடைத்துவிட்டது. பால்துரை நல்லாயிருக்கணும் என்று வாய்விட்டே சொன்னாள். நேரே போய் ஒரு சீப்பு வாழைப்பழமும் பூவும் வாங்கிக்கொண்டு சலூனுக்குப் போனாள்.

பால்துரை ஒருவருக்கு முகத்தில் சோப்பு நுரை தடவிக்கொண்டிருந்தார். பழத்தைப் பார்த்ததும் விழித்தார்.

"எதுக்குக்கா இது?"

"எங்கண்ணனுக்கு நீங்க செஞ்ச உபகாரத்துக்கு. உள்ள எப்படி நொழைஞ்சிய அண்ணாச்சி?"

அவர் பிரஷைக் கீழே வைத்தார்.

"நான் உள்ள போகலக்கா. போனேன், தட்டுனேன், தொறக்கல. விதிதானேன்னு வந்துட்டேன். ஒங்ககிட்ட சொல்லச் சங்கடமா இருந்துச்சு. அதான் அன்னையில இருந்து ஒங்க தெருப் பக்கமே வரல."

"அப்ப கோடு எப்படி விழுந்துச்சு?"

"அதான் எனக்கும் தெரியல. பட்டை கெட்டுப்போச்சோ என்னமோ."

செல்வக்கனி பழத்தை நாற்காலியில் போட்டுவிட்டுச் சுகாதார நிலையத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். பட்டை தப்பு என்றால் அண்ணன் தனக்கு மருந்து பிடித்துவிட்டது என்று நம்பிக் கதவைத் திறந்துபோட்டுக்கொண்டு இருப்பாரே. அதற்குக் கோடு விழாமலே இருந்திருக்கலாம்.

டாக்டர் மச்சாடோ அவளை உட்காரச் சொன்னார். எஸ்தரின் பையிலிருந்து ஆதிலிங்கத்தின் பட்டையைத் தேடி எடுத்தார். ஒவ்வொரு வாயாடியின் மருந்துக்கும் ஒரு நிறம் உண்டு. யாருக்காவது ஒத்துக்கொள்ளாமல் போனால் எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டும் என்பதற்காக வைத்த ஏற்பாடு. அந்த நிறம் வெயிலில் தெரியாது, நிலையத்தில் இருக்கும் நீல விளக்குக்குக் கீழே வைத்தால்தான் தெரியும். பால்துரைக்குப் பச்சை, செல்வக்கனிக்கு மஞ்சள்.

டாக்டர் விளக்கைப் போட்டார். கோடு மஞ்சளாக எரிந்தது.

"பட்டை கெடல. இது உங்க மருந்து" என்றார்.

"நான் அவரப் பாக்கவே இல்லையே டாக்டர். எங்க வீட்டு ஆளுங்க யாரும் போய்..."

"அவங்க போனாலும் வராது. ஒரு கையோட நின்னுரும்னு சொன்னேன்ல? இது உங்க வாயில இருந்து நேரா அவருக்குப் போனது. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, அந்தப் பக்கம் போனீங்களா?"

செல்வக்கனி தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். சாத்திய கதவுக்கு முன்னால் பேசியதைச் சொன்னபோது டாக்டரின் முகம் இறுகியது.

"அது தப்பு. உங்க அட்டையப் பிடுங்கியிருக்கணும்."

"பிடுங்கிக்கோங்க டாக்டர். ஆனா கதவு சாத்தித்தானே இருந்துச்சு?"

"கதவுல இடுக்கு இருந்துச்சா?"

"மேல இருந்து கீழ வரைக்கும் இருந்துச்சு."

"இடுக்கு இருந்தாலும் கையெட்டுற தூரத்துல இருந்தாத்தான் பிடிக்கும். அதுவும் அரைமணி நேரம். அந்தாண்ட தள்ளி நின்னு வேலை பாத்துக்கிட்டு இருந்தவருக்கு இவ்வளவு அழுத்தமாக் கோடு விழாது." டாக்டர் பட்டையை இன்னொருமுறை விளக்கில் பார்த்தார். "நீங்க நின்னுக்கிட்டுப் பேசுனீங்களா, உக்காந்து பேசுனீங்களா?"

"கொஞ்ச நேரம் நின்னேன். பொறவு கால் வலிச்சுது, படியில உக்காந்துட்டேன்."

"அப்ப அவரும் உக்காந்திருக்காரு" என்றார் டாக்டர்.

செல்வக்கனிக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. பட்டறைத் தரை அவளுக்குத் தெரியும். மாவும் முட்டை ஓடும் சிந்திக் கிடக்கும் தரை. மழைக்காலத்தில் குனிந்து எழுந்தாலே மூச்சு வாங்குகிற மனிதர், அந்தத் தரையில் கதவோடு கதவாக உட்கார்ந்து, இடுக்கில் முகத்தை வைத்துக்கொண்டு, அவள் திட்டியதையெல்லாம் கேட்டிருக்கிறார். ஹெர்னியாவைக் கேட்டிருக்கிறார், கணக்குப் பரீட்சையைக் கேட்டிருக்கிறார், மார்புக் கட்டியையும் கேட்டிருக்கிறார். நடுவில் எழுந்து போகவில்லை. இருமல்கூட வராமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"மருந்து இருக்குன்னு மொதல்லயே சொல்லிட்டீங்களா அவர்ட்ட?" டாக்டர் கேட்டார்.

"சொன்னேன். வேண்டாம்னா பின்பக்கம் போயிருன்னேன்."

"அவரு போகல." டாக்டர் விளக்கை அணைத்தார். "சரி, சம்மதத்தோட குடுத்ததுன்னு நான் பதிஞ்சுக்கிறேன். அடுத்த தடவ இப்படிச் செய்யாதீங்க."

நிலையத்தை விட்டு வெளியே வந்தபோது தூறல் போட்டது. இந்த நேரத்துத் தூறலைக் கண்டால் அவளுக்கு எப்போதும் அண்ணன் மூச்சு நினைவுக்கு வந்து பயம் பிடிக்கும். இன்றைக்குப் பயம் இல்லை. நனைந்துகொண்டே கிரேட் காட்டன் ரோட்டைத் தாண்டிச் சந்துக்குள் போனாள்.

கதவு சாத்தித்தான் இருந்தது. முன்னால் போய் நின்றாள். தட்டக் கையைத் தூக்கினாள், தட்டவில்லை. என்ன சொல்வது என்று தெரியவில்லை. கேட்டுக்கிட்டுத்தான் இருந்தியா என்று கேட்கலாம். கேட்டால் அழுதுவிடுவாள். வழி நெடுக யோசித்து வந்ததில் ஒரு வார்த்தைகூட வாய்க்கு வரவில்லை. ஐம்பதைத் தொடப்போகிறாள், பேச வந்த இடத்தில் வார்த்தை கிடைக்காமல் அவள் நின்றதே இல்லை. தூறலில் சும்மா நின்றுகொண்டிருந்தாள்.

கதவுக்கு மிகப் பக்கத்தில், உள்ளேயிருந்து குரல் வந்தது. பழகாத தொண்டையிலிருந்து வந்ததால் கரகரவென்று இருந்தது.

"ஏட்டி, என்ன பேசாம நிக்க?"

அவள் பலகையில் கையை வைத்துக்கொண்டாள்.

"மருந்து தீந்துட்டுண்ணே. போன வாரத்தோட முடிஞ்சுது. இனி நான் பேசுனா ஒனக்கு ஒண்ணும் ஒட்டாது."

உள்ளே அவர் தாழ்ப்பாளை இழுத்தார். பழைய கதவு நிலையில் சிக்கிக்கொண்டது, இரண்டு முறை இழுத்த பிறகுதான் திறந்தது. மாவுக் கையோடு ஆதிலிங்கம் நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"அதுக்கென்ன," என்றார். "உள்ள வந்து சும்மா பேசு."